கட்டி வைத்த விலங்குக்கும் வேலை வேண்டும்

எங்கள் மலையகத்தில் வளர்ப்பு விலங்கைப் பட்டினி போடும் வீடுகள் குறைவு. தமக்குக் கறி இல்லாத நாளிலும் நாய்க்கு ஒரு பிடி சோறு வைத்துவிடும் மனம் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் மக்களுக்கு உண்டு. ஆனால் அந்தச் சோறு ஐந்து நிமிடத்தில் தீர்ந்த பிறகு, மீதிப் பகல் முழுவதையும் ஒரு சங்கிலியின் நீளத்துக்குள் அந்த நாய் எவ்வாறு கழிக்கும் என்று நாம் யோசிப்பதில்லை. அது ஓயாமல் குரைத்தாலும், மண்ணைத் தோண்டினாலும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கினாலும் கெட்ட பழக்கம் என்று ஏசுகிறோம். நோய் எதுவும் இல்லையென்றால், செய்வதற்கு ஒன்றுமில்லாத மூளையின் தவிப்பாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

உணவைத் தேடிப் பெறுவதும் விலங்குக்கு ஒரு தேவையே. 1963இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையில், கிண்ணத்தில் உணவு தாராளமாக இருந்தபோதும் எலிகள் நெம்புகோலை அழுத்தி உணவு பெறுவதைக் கைவிடவில்லை. பின்னர் வேறு பல விலங்குகளிலும் இதே இயல்பு காணப்பட்டது. (வீட்டுப் பூனை மட்டும் பெரும்பாலும் சும்மா கிடைப்பதையே விரும்புகிறதாம், பூனை வளர்ப்போருக்கு இதில் வியப்பிருக்காது.)

யானையின் நிலை இன்னும் கொடியது. காட்டில் நாளின் பெரும்பகுதியை நடப்பதிலும் மேய்வதிலும் கழிக்கும் விலங்கு, காலில் சங்கிலியுடன் ஒரே இடத்தில் நின்று இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருக்கும்போது, தாளத்துக்கு ஆடுகிறது என்று ரசித்துப் படம் எடுப்பவர்களைக் கண்டியில் பார்த்திருக்கிறேன். அடைத்து வைத்த கிளி தன் இறகையே பிடுங்கிக்கொள்வதும் பல நேரங்களில் இத்தகைய தவிப்பினால்தான். இலங்கையின் 1907ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அடித்தலையும் பட்டினி போடுதலையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. சலிப்பும் ஒரு வதை என்ற எண்ணம் அக்காலத்தில் எழுந்திருக்க நியாயமில்லை.

மனிதருக்கே ஓய்வில்லாத தோட்டத்தில் நாய்க்கு விளையாட்டா என்று கேட்பார்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. பாண் துண்டுகளைப் பழைய சாக்கின் மடிப்புகளில் ஒளித்து வைத்தால் நாய் மோந்து மோந்து தேடும். நடக்கக் கூட்டிச் செல்லும்போது அது நின்று மோப்பம் பிடித்தால் இழுக்காமல் விட்டுவிடலாம். இருட்டிய பிறகு சிறுத்தைக்குப் பயந்து நாயை உள்ளே அடைப்பது நியாயம். பகலிலும் கட்டி வைப்பதற்கு அது காரணமாகாது.

நாயைவிட மறக்கப்பட்டது மாடு. தேயிலை மலையில் மேய்ச்சல் தரை இல்லாததால், புல்லை அறுத்து வந்து போட்டு, ஆண்டு முழுவதும் பட்டியிலேயே கட்டி வைக்கிறோம். 2018இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், பாரம் ஏற்றிய கதவைத் தள்ளினால்தான் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் தூரிகையை அடையலாம் என்று வைத்தபோது, புதிய தீவனத்துக்காக எவ்வளவு பாரத்தைத் தள்ளினவோ ஏறக்குறைய அவ்வளவு பாரத்தைப் பசுக்கள் அதற்காகவும் தள்ளின. நம் பட்டியில் அதற்கு இயந்திரம் தேவையில்லை. பழைய தும்புத்தடியின் தலையைக் கழற்றி, மாட்டின் கழுத்து உயரத்தில் தூணோடு இறுக்கிக் கட்டினால் போதும். ஆணி அடிப்பதானால் அதன் முனை வெளியே நீட்டாமல் மடித்துவிடுங்கள். தும்பு தேய்ந்ததும் புதிதாக மாற்றுங்கள்.