ஹுசைன் கடைசி வரைக்கும் பேனர் பெயிண்டர்தான்

ஓவியர் எம்.எஃப். ஹுசைன் பேரச் சொன்னா நம்மாளுங்ககிட்ட ரெண்டே கதைதான் வரும். ஒண்ணு, பம்பாய் பிளாட்பாரத்துல படுத்துக் கெடந்து சினிமா பேனர் வரைஞ்சவர் கோடீஸ்வரர் ஆன கதை. இன்னொண்ணு சாமிப் படம் வரைஞ்சு வம்புல மாட்டி நாட்ட விட்டே போன கதை. மொதல் கதைய ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு பேனர்ங்கிறது ஏதோ ஒரு கஷ்டகாலம், அதுல இருந்து தப்பிச்சு மேல வந்துட்டாரு, கைதட்டு. எனக்குக் கடுப்பே இதுலதான். அவரு அதுல இருந்து தப்பிக்கவே இல்லங்க, தொண்ணூறு வயசுலயும் பேனர்காரன் கையோடதான் வரைஞ்சாரு, அதுதான் அவரோட பலமேன்னு நான் சொல்லுவேன்.

1915ல பண்டர்பூர்ல பொறந்து, இந்தூர்ல வளர்ந்து, முப்பதுகள்ல பம்பாய்க்கு வந்தவரு. கிராண்ட் ரோடு பக்கம் வாசம், சினிமா ஹோர்டிங் வரையற வேலை, சதுர அடிக்கு இத்தன அணான்னு கூலி. நடுவுல பொம்மை கம்பெனி வேலையும் பார்த்தாரு. 1947ல சூசா, ராசா, ஆரான்னு ஓவியருங்கெல்லாம் சேர்ந்து ஆரம்பிச்ச ப்ரோக்ரஸிவ் ஆர்ட்டிஸ்ட்ஸ் குரூப்புக்குள்ள வர்றப்போ வயசு முப்பத தாண்டியாச்சு. (இந்த ஆரா வீட்டு வேலை பார்த்தவரு, கார் கழுவினவரு. அவரப் பத்தி யாருமே ஃபார்வர்ட் அனுப்ப மாட்டேங்கிறாங்க, கோடி வரலையே!)

பேனர் வேலைய கிட்டத்துல பார்த்தவங்களுக்குத்தான் நான் சொல்றது புரியும். எங்க மாமா ஒருத்தர் தாராவில நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் போர்டு எழுதுறது, பேனர் வரையறதுன்னு ரொம்ப வருஷம் பொழச்சவரு. கையில ஒரு சின்ன ஸ்டில் போட்டோ, அதுமேல பென்சில்ல கட்டம் போட்டு, அதே கட்டத்த பெருசா துணில அடிச்சு, ஒவ்வொரு கட்டமா ஏத்தணும். கேக்க ஈஸியாத்தான் இருக்கும், ஆனா சாரத்துல ஏறி நின்னா ஹீரோவோட மூக்கே ஆளு உயரத்துக்கு இருக்கும், கண்ணுக்கு முன்னாடி வெறும் செவப்பும் பிங்க்கும்தான் தெரியும், முழு மூஞ்சி எப்படி வரும்னு மண்டைக்குள்ளயே வச்சிருக்கணும். எறங்கி ரோட்டத் தாண்டிப் போயி நின்னு பார்த்துட்டு மறுபடி ஏறணும். அதுக்கும் மேல, பஸ்ல போறவன் ஜன்னல் வழியா ரெண்டு செகண்டுதான் பார்ப்பான், அந்த ரெண்டு செகண்டுல அவனுக்குப் புரியணும். அதனால கோடு தடியா, தைரியமா விழணும், யோசிச்சு யோசிச்சு இழுத்த கோடு தூரத்துல இருந்து பார்த்தா நடுங்கின மாதிரி தெரியும்னு மாமா சொல்லுவாரு.

இப்ப ஹுசைனோட குதிரைய எடுத்துப் பாருங்க. அந்தக் கறுப்புக் கோடு எங்கயாவது தயங்குதா? குதிரை வந்ததுக்கு வேற காரணங்களும் இருக்கு, சின்ன வயசுல மொஹரம் ஊர்வலத்துல பார்த்த துல்துல் குதிரை, 1952ல சீனாவுக்குப் போயி அங்க பார்த்த குதிரை ஓவியங்கள், எல்லாத்தையும் பேனர் தலையில கட்ட நான் வரல. ஆனா கோட்டோட அந்த வேகம் கிராண்ட் ரோட்ல பழகினது. 1954ல அவர் வரைஞ்ச கிராம யாத்திரை கிட்டத்தட்ட பதினாலு அடி நீளம். முப்பத்தொம்பது வயசுல அந்த சைஸப் பார்த்து பயப்படாம இறங்குறதுக்கு எந்த ஆர்ட் காலேஜும் தேவப்படல பாருங்க. அந்தப் படம் நார்வே ஆஸ்லோல ஒரு ஆஸ்பத்திரி செவுத்துல பல வருஷம் தொங்கிட்டு, 2025 மார்ச்ல நியூயார்க் ஏலத்துல சுமார் 118 கோடிக்குப் போச்சு, நவீன இந்திய ஓவியத்துல அப்போ அதுதான் ரெக்கார்டு. அன்னைக்கு எங்க வாட்ஸ்அப் குரூப் பூரா 118 கோடி, 118 கோடி. படத்துல என்ன இருக்குன்னு ஒரு ஆளு கேக்கல. மாவு அரைக்கிறது, மாட்டு வண்டி, அம்மா, புள்ளைன்னு கிராமத்து வாழ்க்கைய துண்டு துண்டா பிரிச்சு அடுக்கியிருக்காரு, ஒரே துணில பல சீன் காட்டுற அந்த வேலையும் நமக்குத் தெரிஞ்சதுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. பேனர்காரனுக்கு சோறு போடுறதே மூஞ்சிதான். ஹீரோ மூஞ்சி கொஞ்சம் மாறிப் போச்சுன்னா ரசிகனே பேனரக் கிழிச்சிருவான். நம்ம மாதுங்கா அரோரா தியேட்டர் வாசல்ல ரஜினி படத்துக்குப் பால் ஊத்தின கூட்டத்தப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். அப்படி மூஞ்சி வரைஞ்சே கூலி வாங்கின மனுஷன், அன்னை தெரசாவ வரையறப்போ மூஞ்சிய வெத்தா விட்டுட்டாரு. வெள்ளைச் சேலை, நீலக் கரை, மடியில புள்ளை, உள்ள மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல வெறும் இருட்டு. அவரோட அம்மா அவர் கைக்கொழந்தையா இருக்கறப்பவே போயிட்டாங்க, அம்மா மூஞ்சி அவருக்கு ஞாபகத்துலயே கெடையாது. ஊர்ல உள்ள அத்தன ஸ்டார் மூஞ்சியும் கட்டம் போட்டு ஏத்தினவருக்கு இந்த ஒரு மூஞ்சிக்கு மட்டும் ஸ்டில் கெடைக்கல.

அப்புறம் 1992ல கல்கத்தால ஒண்ணு செஞ்சாரு, ஜனங்க முன்னாடி வச்சே ஆறு தேவி படம் வரைஞ்சு, கடைசி நாள்ல அத்தனைக்கும் வெள்ளை அடிச்சுட்டாரு. பெரிய பெரிய ஆளுங்க இதுக்கு தத்துவ விளக்கமெல்லாம் எழுதினாங்க. எங்க மாமாவக் கேட்டிருந்தா, இதென்ன அதிசயம், அடுத்த வெள்ளிக்கெழமை படம் மாறினா நாங்களும் வெள்ளை அடிச்சுட்டு புது ஹீரோவ ஏத்துறோம்ல அப்டின்னு போயிருப்பாரு.

சரி, புகழ்ந்துக்கிட்டே போனா நான் பொய் சொல்ற மாதிரி ஆயிரும். எமர்ஜென்சி நேரத்துல இந்திரா காந்திய துர்க்கையா வரைஞ்சாரே, அத என்னால ஜீரணிக்கவே முடியல. பத்திரிகைக்கெல்லாம் சென்ஸார் போட்டிருந்த நேரம் அது, அப்போ போயி அப்படி ஒரு படம். பேனர் பழக்கத்துல கெட்டதும் உண்டுன்னு அங்கதான் தோணுது, எவன் படம் ஓடுதோ அவன் மூஞ்சிதான் மேல போகும். 1986ல ராஜ்யசபா எம்பி வேற ஆனாரு. மாதுரி தீட்சித் மேல பைத்தியமா இருந்து 2000ல அவங்கள வச்சு கஜகாமினி எடுத்தாரு, அந்தப் படத்த என்னால முழுசா உக்காந்து பாக்க முடியல, மன்னிச்சிருங்க.

நாட்ட விட்டுப் போன கதையையும் சொல்லணும். எழுபதுகள்ல வரைஞ்ச சாமிப் படத்த 1996ல ஒரு பத்திரிகை தோண்டி எடுத்து எழுதினதும்தான் கலவரமே. கேஸ் மேல கேஸ், 1998ல இதே மும்பைல வீட்டுக்குள்ள புகுந்து அடிச்சு நொறுக்கினாங்க. 2006ல கெளம்பிப் போனவரு திரும்பல. 2008ல டெல்லி ஹைகோர்ட்ல நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அவர் மேல இருந்த கேஸுங்கள ரத்து பண்ணினாரு. இதே கௌல்தான் பின்னாடி சென்னை ஹைகோர்ட் தலைமை நீதிபதியா வந்து 2016ல, எதிர்ப்பு தாங்காம எழுதறதையே நிறுத்தியிருந்த எழுத்தாளர் பெருமாள்முருகன் வழக்குல அவர் மறுபடி எழுதட்டும்னு தீர்ப்பு சொன்னவரு. முருகன் திரும்ப எழுத வந்துட்டாரு. ஹுசைனுக்கு 2008ல தீர்ப்பு வந்தப்போ தொண்ணூத்தி ரெண்டு வயசு, தீர்ப்பு கையில இருந்தும் வர தைரியம் குடுக்க ஊர்ல யாரும் இல்ல. 2010ல கத்தார் குடியுரிமை வாங்கிட்டாரு, 2011 ஜூன் 9 லண்டன்ல போயிட்டாரு, பொதைச்சதும் அங்கயேதான்.

வாரிசுன்னு யாரச் சொல்றது? எங்க மாமா மாதிரி ஆளுங்க கைய ஃப்ளெக்ஸ் வந்து மொத்தமா ஒடச்சிருச்சு. மாமா கடைசில ஃப்ளெக்ஸ் கடைலயே போயி துணி மடிச்சுக் குடுத்தாரு, அவர் வரைஞ்சதுல ஒரு துண்டு கூட வீட்ல இல்ல, எல்லாம் மழைக்குக் கூரை மேல போட்டு கிழிஞ்சு போச்சு. ஹுசைன் படம் பாக்கணும்னா டெல்லி நேஷனல் கேலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட்ல 1955ல வரைஞ்ச ஜமீன் (நிலம்னு அர்த்தம்) இருக்கு. மும்பைக்காரங்க பெண்டி பஜார் நூர் மொஹம்மதி ஹோட்டலுக்குப் போங்க, அவர் வரைஞ்சு குடுத்த படம் செவுத்துல மாட்டியிருக்கும், நல்லி நிஹாரி சாப்ட்டுக்கிட்டே பாருங்க, டிக்கெட்டும் கெடையாது, ஏலமும் கெடையாது. ஆனா ஒண்ணு, பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்காம கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போயி பாருங்க, அது அப்படிப் பாக்கத்தான் வரைஞ்சது.