தோற்ற பிள்ளைக்கு உடனே வசனம் சொல்ல வேண்டாம்

கொழும்பு சுகததாச அரங்கில் மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் நாட்களில் நம் வாலிபப் பிள்ளைகளின் ஸ்டேட்டஸைப் பாருங்கள். பாதிக்குப் பாதி பிலிப்பியர் 4:13தான்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." நல்ல வசனம்தான். ஆனால் பவுல் அந்த நிருபத்தை எழுதியது சிறையிலிருந்து. அதற்கு முந்தைய வசனத்தில் "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறார், பட்டினியைப் பற்றிப் பேசுகிறார். அந்த வசனத்தை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை. நான்காவதாக வந்து பதக்கம் இல்லாமல் பஸ் ஏறுகிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெலன் சொல்லப்பட்டிருக்கிறது.

எங்கள் சபைப் பிள்ளை ஒருத்தி 4×100 அஞ்சல் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடினாள். கடைசி ஆளுக்குக் கொடுக்கும்போது கோல் நழுவி விழுந்தது. அவ்வளவுதான், ஒரு வருடப் பயிற்சி போயிற்று. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஆள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "தேவசித்தம் மகள்." "கர்த்தர் இதைவிடப் பெரிசா வச்சிருப்பார்." எல்லாருக்கும் தலையாட்டினாள். பைபிள் உறையின் சிப்பை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் கேட்டாள்: "நான் ஒழுங்கா ஜெபம் பண்ணல்லயா அன்ட்டி?"

ஒரு பிள்ளையின் மனதில் இப்படியொரு கேள்வி வருகிறதென்றால் அதை விதைத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். ஜெயித்தவர்களைத்தான் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறோம். ஸ்கொட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடெல் கதையையும் அப்படித்தான் சொல்கிறோம்: ஞாயிறு ஓடமாட்டேன் என்று 100 மீற்றரை விட்டார், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றரில் தங்கம் வென்றார், ஆமென். அதே லிடெல் மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மூளைக் கட்டியால் 43 வயதில் இறந்தார். தங்கம் கிடைத்ததைக் கீழ்ப்படிதலுக்குக் கூலி என்று சொல்லிக்கொடுத்தால், கோல் விழுந்ததைப் பிள்ளைகள் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வேதத்தில் அழுகைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது! "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதத்தில் தாவீது நேராகவே கேட்கிறார். யாரும் அவரை அவிசுவாசி என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவளோடு அதைத்தான் வாசித்தேன். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக அழுதாள்.

அப்புறம்தான் மற்றக் கதை வந்தது. கோலை வாங்க வேண்டியவள் முன்கூட்டியே ஓடத் தொடங்கிவிட்டாள் என்ற கோபம் இவளுக்கு. அந்தப் பிள்ளை முஸ்லிம். போட்டிக்குப் பிறகு இரண்டு பேரும் பேசவே இல்லை. என்னைக் கேட்டால் விளையாட்டு வீரரின் விசுவாசம் உண்மையில் சோதிக்கப்படுவது இங்கேதான். தேவனோடு சமாதானமாகிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு கூட ஓடியவளோடு முகம் கொடுக்காமல் இருக்க முடியாது. போய்ப் பேசு, யார் பிழை என்ற கதையை எடுக்காதே என்றேன். பேசினாள். அவளும் வீட்டில் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பெற்றோருக்கும் போதகர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். தோற்று வரும் பிள்ளையைச் சாப்பிட விடுங்கள், தூங்க விடுங்கள். காயம் என்றால் ஜெபத்தோடு பிசியோவிடமும் கூட்டிப்போங்கள். அடுத்த விளையாட்டுச் சாட்சி நேரத்தில், பதக்கம் எடுக்காத பிள்ளை ஒன்றுக்கும் விருப்பமென்றால் பேச இடம் கொடுங்கள்.