ஃபோர்மனை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

குத்துச்சண்டை சாம்பியன்கள் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் ஜார்ஜ் ஃபோர்மனை '1974-ல் கின்ஷாசாவில் முகமது அலியிடம் தோற்றவர்' என்று ஒரே வரியில் முடித்ததுதான் மனசுக்கு ஆறவில்லை. அதற்கு முந்தைய வருடம் ஜோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை தரையில் சாய்த்து உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கியவர் அவர். 1977-ல் விளையாட்டை விட்டு மதபோதகராகிவிட்டார். ஹூஸ்டனில் தான் நடத்திய இளைஞர் மையத்துக்குப் பணம் வேண்டும் என்றுதான் பத்து வருடம் கழித்து மறுபடி கையுறை மாட்டினார்.

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். வயது 45. எதிரே அப்போதைய உலக ஹெவிவெயிட் சாம்பியன், 26 வயது மைக்கேல் மூரர். ஃபோர்மன் இடுப்பில் அலியிடம் தோற்ற அன்று போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசர். ரிங்கில் ஃபோர்மனின் மூலையில் உதவிக்கு நின்றவர், அன்று அலிக்குப் பயிற்சியாளராக இருந்த ஏஞ்சலோ டண்டி! ஒன்பது ரவுண்டும் அடி வாங்கிப் புள்ளியில் பின்தங்கியிருந்தார். பத்தாவதில் தாடையில் குட்டையாக ஒரு வலது குத்து, மூரர் மல்லாந்தார். ஃபோர்மன் துள்ளிக் குதிக்கவில்லை, மூலைக்குப் போய் மண்டியிட்டார். வீடியோவில் எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும். அடுத்த பகுதியில் அந்த இரவைப் பற்றி எழுதுங்கள் சார்.