உத்திரமேரூருக்குப் போகிறீர்களா? அட்டைக் கிரீடம் வேண்டாம், இரண்டு பானை போதும்

ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கு வரலாற்றுச் சுற்றுலா என்றாலே நம் பெற்றோர் குழுக்களில் ஒரே ஏற்பாடுதான். அட்டையில் கிரீடம், கோபுரத்துக்கு வண்ணம் தீட்ட ஒரு தாள், கடைசியில் குரூப் போட்டோ. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே தாளைத் தஞ்சாவூரிலும் கொடுக்கலாம், வீட்டுக் கூடத்திலும் கொடுக்கலாம். அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம் வேன் பிடித்துப் போவது?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் செய்ய வேண்டிய வேலை சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919லும் 921லும் வெட்டியவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கின்றன. ஊரில் 30 குடும்புகள், இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட வேண்டும். நம்பிமாரில், அதாவது கோயில் பூசாரிகளில், வயதில் மூத்தவர் எழுந்து எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுக்க, அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதே!

இதை அப்படியே நடத்துங்கள். கோயிலுக்கு வெளியே ஒரு மர நிழல், மண்பானை இரண்டு, நறுக்கிய பனையோலை போதும். ஒரே வயதுப் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறையைவிட நம் கூட்டத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத குட்டித் தம்பியை ஓரமாக உட்கார வைக்க வேண்டியதில்லை, இந்த ஆட்டத்தில் அவன்தான் முக்கியமான ஆள். பெரிய பிள்ளை ஒருத்தி மத்தியஸ்தராக நின்று ஓலையை உரக்கப் படிக்கட்டும்.

ஆனால் விதிகளைச் சுருக்காதீர்கள். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்து, 'அந்தக் காலத்திலேயே நாம் ஓட்டுப் போட்டோம்' என்று பெருமையோடு முடித்துவிடுகிறோம். 921ஆம் ஆண்டு விதிப்படி கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊர். இத்தனையையும் ஒவ்வொன்றாகப் படித்து, பொருந்தாத பெயரை ஓலைக்கட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். முதலில் நிலமில்லாதவர்கள் போவார்கள், அப்புறம் பெண்கள் எல்லோரும். "அப்போ யாருதான் மிச்சம்?" என்று ஒரு குழந்தை கேட்டே தீரும். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். கிரீடம் வைத்த பிள்ளைக்கு அது தோன்றாது.

விதிகளில் என்னை அசர வைப்பது கணக்கு விஷயம். முன்பு வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமில்லை, மகன், மருமகன், மாமனார், மைத்துனன், சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள் என்று சொந்தபந்தம் முழுக்க அவுட். ஒரு பெரிய தாளில் உறவுமுறையை வரைந்து, ஒவ்வொருவராக அடிக்கச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்றைய உள்ளாட்சித் தேர்தலுக்கு இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை வார்டு காலியாகும் என்பதைப் பெரியவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

இரண்டு கல்வெட்டுக்கும் நடுவே வயது வரம்பே மாறியிருக்கிறது, முதலில் இருந்தது 30 முதல் 60. ஊர்ச் சபை தன் விதியைத் திருத்தியிருக்கிறது. சரி, நீங்கள் என்ன திருத்துவீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டு, புது விதியோடு இன்னொரு முறை குடத்தைக் குலுக்குங்கள்.

ஒரே ஒரு கண்டிப்பு. எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சுவரில் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்கவிடாதீர்கள். மேலே தாளை வைத்துப் பென்சிலால் உரசுவதும் கூடாது. தள்ளி நின்று, கண்ணால் பார்த்து, நோட்டில் எழுதட்டும். நடுநடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வந்து குழப்பும், அதனால் எழுத்து அட்டவணை ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.