டர்பன் தமிழர்கள் யார் பக்கம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழும் எங்களைப் பற்றி, "டர்பன் தமிழர்களுக்குக் கிரிக்கெட் மட்டும்தான், அதிலும் எப்போதும் இந்தியா பக்கம்தான்" என்று எழுதுவது சரியில்லை.

முதலில் கால்பந்து. 1996-97-இல் தென்னாப்பிரிக்காவின் முதல் பிரீமியர் சாக்கர் லீக் கோப்பையை வென்றது டர்பன் இந்தியர்கள் வளர்த்த மேனிங் ரேஞ்சர்ஸ் அணி. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சாட்ஸ்வொர்த் மைதானத்துக்குப் போவார். என் கையில் அவித்த கடலைப் பொட்டலம், அவர் தொண்டை கட்டிப்போயிருக்கும். அந்தக் கூட்டத்தை மறந்துவிட்டு எங்களைப் பற்றி எழுத வேண்டாம்.

கிரிக்கெட்டிலும் காரணம் வேறு. நிறவெறிக் காலத்தில் டர்பனின் கிரிக்கெட் மைதானமான கிங்ஸ்மீடில் எங்களுக்குத் தனி அடைப்பு. வெள்ளையர் மட்டுமே ஆடிய தென்னாப்பிரிக்க அணிக்கு எப்படிக் கை தட்டுவது? அதனால் தாத்தா ஆஸ்திரேலியா வந்தாலும் இங்கிலாந்து வந்தாலும் வந்தவர் பக்கம்தான். இந்தியா இங்கே முதல் டெஸ்ட் ஆடியதே 1992-இல், அதே கிங்ஸ்மீடில். அன்றைக்கு இந்தியக் கொடி பிடித்தவர்கள் உண்டு, இன்றும் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் 2019-இல் விசாகப்பட்டினத்தில் டர்பன் பையன் சேனுரன் முத்துசாமி தன் முதல் டெஸ்ட் விக்கெட்டாக விராட் கோலியை எடுத்தபோது, எங்கள் வீட்டில் துள்ளிக் குதித்தது தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டை போட்ட அப்பாதான்.