சிகாகோவில் தொடங்கியது, மாஸ்கோவில் இல்லை

மே தினத்தை ரஷ்யப் புரட்சி கொடுத்த விடுமுறை என்று நான் படித்த ஒரு கட்டுரை போகிற போக்கில் சொல்லிவிட்டது. புரட்சி நடந்தது 1917இல். அதற்கு 31 வருடம் முன்பே, 1886 மே 1 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். மே 4 இரவு சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டம் முடியும் நேரம் பார்த்து போலீஸ் வந்து கலையச் சொன்னது. யாரோ குண்டு வீசினார்கள். வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றார்கள். 1887 நவம்பரில் நால்வருக்குத் தூக்கு. அதற்கு முந்தைய நாள் ஒருவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மிச்சம் மூவரை 1893இல் விடுவித்த இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று எழுதியே வைத்தார். மே 1ஐ உலகம் முழுக்க அனுசரிக்கும் முடிவு 1889இல் பாரிஸில் நடந்த சோஷலிஸ்டுகளின் சர்வதேச மாநாட்டில் எடுத்தது.

அமெரிக்காவின் செப்டம்பர் தொழிலாளர் தினம் வேறு கதை. 1882 நியூயார்க் ஊர்வலத்தில் ஆரம்பித்தது, தேசிய விடுமுறையானது 1894 ஜூன் 28இல். அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? புல்மேன் ரயில்பெட்டி கம்பெனி கூலியை வெட்டியது. தொழிலாளர்கள் குடியிருந்த கம்பெனி வீடுகளின் வாடகையை மட்டும் குறைக்க மறுத்தது. வேலைநிறுத்தம் வெடித்து ரயில்கள் நின்றன. விடுமுறைக்குக் கையெழுத்துப் போட்ட அதிபர் கிளீவ்லாந்தேதான், ஒரு வாரத்துக்குள் அந்தத் தொழிலாளர்களை அடக்க சிகாகோவுக்கு ராணுவத்தையும் அனுப்பினார். கட்டுரையாளர் இந்தப் பகுதியையும் சேர்த்திருக்கலாம்.