சபை எலெக்‌ஷனும் சண்டே ஸ்கூல் டீச்சரும்

"கோயிலுக்குள்ள அரசியல் எதுக்கு?" என்று சபைத் தேர்தலைப் பார்த்துக் கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) 1947 செப்டம்பர் 27-ல் உருவான சபை. அதன் சட்டதிட்டத்திலேயே சாதாரண சபையாருக்கு ஓட்டு இருக்கிறது. ஐயர்மாரும் (போதகர்கள்) பேராயரும் (பிஷப்) மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்தால் சத்தம் வேண்டுமானால் குறையும். நியாயம் கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பைபிளில் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆதித் திருச்சபையின் முதல் முறுமுறுப்பே விதவைகளுக்குச் சாப்பாடு பகிர்ந்ததில் வந்தது. அதைத் தீர்க்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது சபையார்தான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 1835-ல் மிஷனரி ரேனியஸ் ஐயரை அவருடைய மிஷன் சங்கம் நீக்கியபோதே உபதேசிமார் (ஊர்களில் போதிக்கும் ஊழியர்கள்) இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். 1857-ல் நாசரேத் பக்கம் சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச் சபையே கண்டார். சண்டை நம் ரத்தத்திலேயே இருக்கிறது, போங்க.

ஆனால் இப்போது நடக்கும் சண்டைக்குக் காரணம் உபதேசம் இல்லை, வேலை. பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தின் கையில் அரசு உதவி பெறும் பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, ஆளைப் போடுவது நிர்வாகம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சேகரத்தில் (ஒரு குருவின் கீழுள்ள சபை வட்டம்) ஓட்டுப் போட்டு டி.சி. (திருமண்டலப் பெருமன்றம்) மெம்பர்களை அனுப்புகிறோம். அவர்கள் போய் லே செயலர் (குருவல்லாத செயலர்), பொருளாளர் என்று தெரிந்தெடுக்கிறார்கள். பி.எட். முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு அந்த ஓட்டு வெறும் ஓட்டா? அவரை 'ஆவிக்குரிய வாழ்க்கை இல்லாதவர்' என்று பிரசங்கத்தில் குத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நியமனத்தை மதிப்பெண், சீனியாரிட்டி என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தால் பாதி அணி தானாகக் கலைந்துவிடும். அதைச் செய்ய எந்த அணியும் அவசரப்படாது என்பதும் தெரிந்ததுதான்.

இதில் மாட்டிக்கொள்வது எந்தப் பதவியும் கேட்காமல் வேலை செய்கிறவர்கள்: குவையரில் பாடும் பிள்ளைகள், ஓய்வுநாள் பள்ளி டீச்சர்கள், கோயில் அசன விருந்துக்கு விடிய விடிய வெங்காயம் உரிக்கும் பெண்கள். எலெக்‌ஷன் நெருங்கினால் யார் யாருக்குச் சங்கக் காணிக்கை (சபைச் சந்தா) பாக்கி என்று லிஸ்ட் கிளம்பும். பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை என்பதால், பல வருஷம் எட்டிப் பார்க்காதவருக்கும் திடீரென்று யாரோ ரசீது போட்டுவிடுவார்கள். அப்புறம் நீங்கள் யாரோடு டீ குடித்தீர்கள் என்பது வரை கணக்கு. "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று பைபிளில் கொரிந்து சபையார் சொன்னார்களே, அவர்கள் கையில் வாட்ஸ்அப் இல்லாதது ஒன்றுதான் வித்தியாசம்.

என்னோடு சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம், "அக்கா, விலகிடட்டுமா? சிரிச்சாக்கூட எந்த அணின்னு கேக்காங்க" என்றாள். நான் விலகச் சொல்லவில்லை. இந்த நேரத்தில் விலகினால் அதற்கும் ஒரு அணியின் பெயரை ஒட்டிவிடுவார்கள்.

நடுநிலை என்று அறிவித்துக்கொள்ளவும் வேண்டாம் என்றேன். அப்படிச் சொல்கிறவரை இரண்டு பக்கமும் நம்புவதில்லை. உனக்கு ஓட்டு இருக்கிறது, யோசித்துப் போடு, யாருக்கு என்று சொல்லாதே. கேட்டால், "ஓட்டு பெட்டிக்குள்ள, பாடம் வகுப்புக்குள்ள அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நட. இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். வாய்ஸ் மெசேஜ் எதையும் ஃபார்வர்ட் செய்யாதே, சிரிப்பு எமோஜிகூடப் போடாதே.

ரொம்ப முக்கியம் காசு. வி.பி.எஸ்.ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) வாங்கும் நன்கொடையும் பிள்ளைகள் காணிக்கையும் ஒரு நோட்டில் ஏறட்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும், பில்லை ஒட்டி வை. அதில் ஒரு கையெழுத்து எதிர் அணிக்காரர் வீட்டு மதினியுடையதாக இருந்தால் ரொம்ப நல்லது. சபையில் ஒருவரை வீழ்த்தக் கணக்கில் பத்து ரூபாய் இடிப்பது போதும். அப்புறம் நீ எத்தனை வருஷம் உழைத்தாய் என்று யாரும் பார்ப்பதில்லை.

எலெக்‌ஷன் முடிந்த பிறகு தோற்ற அணிக்காரர்கள் சில மாதம் கோயிலுக்கு வர மாட்டார்கள், அவர்கள் பிள்ளைகளும் வர மாட்டார்கள். அந்த வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடு. "ஜெயிச்சவன் அனுப்பினானா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்திரு.

இதையெல்லாம் தாங்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. பிள்ளைகளை வைத்து ஒரு வேட்பாளருக்கு வரவேற்புப் பாட்டுப் பாடச் சொன்னாலோ, கணக்கில் எண்ணை மாற்றச் சொன்னாலோ, நோட்டை சேகர குருவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே வந்துவிடு. நானும் உன் கூட வருகிறேன்.